பில் போடும் புரோகிராமை வைரஸ் என்று பிடித்துக்கொண்டு போன ஆன்டிவைரஸ்

மாமாவின் மளிகைக் கடைக்குப் பைத்தானில் நானே ஒரு பில்லிங் புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன், ஒன்றரை வருஷமாக ஒரு தொந்தரவும் இல்லை. ஒரு சனிக்கிழமை சாயங்காலம், கடையில் கூட்டம் நிற்கிற நேரமாகப் பார்த்து போன்: "மாப்ள, பில் ஐகான் வெள்ளையாயிருச்சு, அமுக்குனா ஒண்ணும் வரல." போய்ப் பார்த்தால் ஷார்ட்கட் மட்டும் இருக்கிறது, இஎக்ஸ்இ கோப்பைக் காணோம். காலையில் தானாக அப்டேட் ஆன ஆன்டிவைரஸ் அதை ட்ரோஜன் (நல்ல புரோகிராம் மாதிரி வேஷம் போடுகிற வைரஸ்) என்று குவாரன்டைனில், அதாவது ஓட முடியாதபடி தனியாகப் பூட்டிப் போட்டிருந்தது. "அப்ப இத்தன நாளா வைரஸ வெச்சா பில் போட்டேன்?" என்று மாமா கேட்டது, வரிசையில் நின்ற அத்தனை பேர் காதிலும் விழுந்தது.

உடனே ரெஸ்டோர் கொடுக்கக் கை பரபரத்தாலும் கொடுக்கவில்லை. கோப்பில் நிஜமாகவே ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால்? என் லேப்டாப்பில் இருந்த மூலப் பிரதியை, ஒரு கோப்பைப் பல ஆன்டிவைரஸ் இன்ஜின்களிடம் ஒன்றாகக் காட்டிச் சோதிக்கிற வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றினேன். எழுபது சொச்சம் இன்ஜின்களில் நாலுதான் குறை சொல்லின, அவையும் ஜெனரிக் என்கிற மாதிரிப் பொத்தாம்பொதுவான பெயர்களோடு. அப்புறம் கடைப் பிரதி, என் பிரதி இரண்டுக்கும் எஸ்எச்ஏ-256 ஹாஷ் (கோப்பின் கைரேகை மாதிரி) எடுத்து ஒப்பிட்டேன், 64 எழுத்தும் ஒன்றுதான். அதற்குப் பிறகுதான் அந்த ஒரு கோப்புக்கு மட்டும் ஆன்டிவைரஸ் சோதனையிலிருந்து விலக்குக் கொடுத்தேன். சி டிரைவ் முழுவதற்கும் விலக்குக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன், அது கதவையே கழற்றி வைப்பது மாதிரி.

காரணம் நான் பேக் செய்த விதம். பைத்தான் புரோகிராமை இஎக்ஸ்இ ஆக்குகிற பைஇன்ஸ்டாலரில் ஒன்ஃபைல் என்று போட்டால் எல்லாம் ஒரே இஎக்ஸ்இக்குள் சுருண்டுவிடும், திறக்கும்போது டெம்ப் ஃபோல்டரில் தன்னைப் பிரித்துப் போட்டுக்கொண்டு ஓடும். வைரஸ் எழுதுகிறவர்களும் அதே பைஇன்ஸ்டாலரை எடுத்து அதே மாதிரிதான் பேக் செய்கிறார்கள், அதனால் பூட்லோடர் பகுதி (புரோகிராமைத் தொடங்கி வைக்கிற துண்டு) இரண்டிலும் ஒன்றாக இருக்கும். யூபிஎக்ஸ் என்கிற கோப்புச் சுருக்கியைப் போட்டுச் சுருக்கினால் சந்தேகம் இன்னும் கூடும். நான் இரண்டையும் செய்திருந்தேன்! எல்லாவற்றையும் ஒரு ஃபோல்டரில் தனித்தனிக் கோப்பாக வைக்கிற ஒன்டிர் முறைக்கு மாற்றி, யூபிஎக்ஸை எடுத்துவிட்டு பில்ட் செய்ததும் நாலு இன்ஜின் ஒன்றாகக் குறைந்தது. அந்த ஒரு நிறுவனத்துக்குத் தவறான எச்சரிக்கை என்று கோப்பை அனுப்பினேன், சில நாளில் சரி செய்தார்கள். ஆனால் புது பில்ட் போட்டால் ஹாஷும் புதுசு, திரும்பவும் மாட்டலாம்.

பெரிய ஆட்களுக்கும் இது நடக்கிறது. 2010 ஏப்ரல் 21 அன்று வந்த மெக்காஃபியின் 5958 அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் சொந்தக் கோப்பான எஸ்விசிஹோஸ்டையே வைரஸ் என்று தூக்கியதில் உலகம் முழுக்க கம்ப்யூட்டர்கள் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டிருந்தன.

*

உங்களுக்கு நடந்ததற்கு நேர் எதிர் எனக்கு. டிடிபி சென்டர் வைத்திருக்கிறேன். காசு கட்டாமல் சாஃப்ட்வேரை ஓட வைக்க ஓசியில் கிடைத்த கிராக் ஒன்றில் "ஆன்டிவைரஸை ஆஃப் செய்துவிட்டு இன்ஸ்டால் செய்யவும், சும்மா கத்தும்" என்று போட்டிருந்ததை நம்பினேன். மறுநாள் காலையில் கல்யாணப் பத்திரிகை டிசைன் எல்லாவற்றுக்கும் வாலில் வேறொரு எக்ஸ்டென்ஷன், ஒன்றும் திறக்கவில்லை, பக்கத்தில் பணம் கேட்டு ஒரு நோட்பேட் கோப்பு. முகூர்த்த மாசம் வேறு.

*

ஐயையோ அண்ணே, பேக்கப் இருந்ததா? எங்கள் மாமா அன்றிலிருந்து கல்லாவுக்குக் கீழே கார்பன் வைத்த பில் புக் ஒன்று வைத்திருக்கிறார், நான் கடைக்குள் நுழைந்தாலே அதை எடுத்து மேலே வைக்கிறார்.