‘தொங்காவ்’ என்பதற்குத் தமிழில் என்ன? (கலைச்சொல் இழை)

சுவடி:
அன்புடையீர், இதழியல் முதுகலைப் பாடம் ஒன்று வியாழனன்று அச்சுக்குப் போகிறது. சீன மத்தியத் தொலைக்காட்சியின் இரவு 7 மணிச் செய்தி அயலுறவைச் சொந்த மக்களுக்கு எப்படிக் காட்டுகிறது என்பது பொருள். 1978 ஜனவரி 1 முதல் வரும் அரைமணிச் செய்தி. மாகாணச் செயற்கைக்கோள் சேனல்களும் அதே நேரத்தில் அதையே அஞ்சல் செய்கின்றன. சீனத் தலைவர் ஒரு வெளிநாட்டு விருந்தினரைச் சந்தித்தால் அரசுச் செய்தி நிறுவனமான சின்ஹுவா ஒரு வாசகம் தரும். நாளிதழ், வானொலி, தொலைக்காட்சி எல்லாம் அதையே போட வேண்டும். அந்த வாசகத்துக்குத்தான் தொங்காவ் என்று பெயர். ‘செய்திக்குறிப்பு’ போதுமா?

மெய்ப்பு:
போதாது. செய்திக்குறிப்பை உதவி ஆசிரியர் வெட்டலாம், ஒட்டலாம், குப்பையிலும் போடலாம். இதில் பெயர் வரிசையைக்கூடத் தொட முடியாது. ‘தொங்’ என்றால் எங்கும் செல்வது, ‘காவ்’ என்றால் எழுத்துப்படி. ‘பொதுப்படி’ என்று வைத்துவிடலாம்.

கல்வெட்டு:
பொதுப்படி ‘பொதுப்படை’யோடு குழம்பும். நம்மிடம் இல்லாததா? சோழர் ஆட்சியில் அரசன் வாய்மொழியாகச் சொன்னது திருவாய்க்கேள்வி. அதை எழுதுபவர் திருமந்திர ஓலை. சரிபார்த்து ஒப்பமிடுபவர் ஓலைநாயகம். ஊருக்கு வந்து சேர்வது திருமுகம். சின்ஹுவா செய்வது ஓலைநாயகத்தின் வேலை. ஆகவே ‘திருமுகம்’. இன்னும் பின்னால் போனால், மணிமேகலையின் விழாவறை காதையில் யானைப் பிடரியில் முரசேற்றி அறைகிறார்களே, அதுவும் இதுதான். ‘அறைமொழி’யும் ஆகும். அறை என்ற வேரைப் பற்றித் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

புறவழி:
ஐயா, தனி மடலிலேயே இருக்கட்டும். ‘திருமுகம் வாசிக்கப்பட்டது’ என்றால் மாணவர் தேவாலயத்தையோ கல்யாணத்தையோ நினைப்பார்.

சொல்லைவிட அதன் உள்ளடக்கம் முக்கியம். அந்த வாசகத்தில் வினைச்சொல்லுக்குத் தகுதிநிலை உண்டு. சீனத் தலைவர் ‘சுட்டிக்காட்டினார்’, ‘வலியுறுத்தினார்’. விருந்தினர் ‘தெரிவித்தார்’, அவ்வளவுதான். நம் நாளிதழ்களில் ஒரே வினை திரும்பத் திரும்ப வந்தால் சலிக்கும் என்று மாற்றி மாற்றிப் போடுவோம். பாடத்தில் அப்படி மாற்றினால் அடுக்கே கலைந்துவிடும். இன்னொன்று: திரையில் விருந்தினர் வாயசைப்பார், குரல் பெரும்பாலும் கேட்காது. கைகுலுக்கல், நீள மேசை, கொடிகள். மேலே வாசிப்பாளரின் குரல். அவர் என்ன சொன்னார் என்பதையும் அந்த வாசகமே சொல்லும். அதில் ‘ஒரே சீனா’ கொள்கையை (தைவானும் சீனாவின் பகுதி என்பது) மதிப்பதாக ஒரு வரி அடிக்கடி வரும். அதே சந்திப்பைப் பற்றி விருந்தினரின் நாடு வெளியிடும் அறிக்கையைப் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். எது விடுபட்டது என்று பார்ப்பதுதான் பயிற்சி.

நன்னூலடிப்பொடி:
‘ஆணைப்படி’ என் பரிந்துரை. ஆணையிட்டு வந்த படி.

மெய்ப்பு:
‘வாசிப்பாளர் ஆணைப்படி வாசித்தார்.’ எதை வாசித்தார்?

நன்னூலடிப்பொடி:
இரண்டும் உண்மைதானே! சரி, ‘மாறாப்படி’. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். செல்லாக்காசு போல வல்லினம் மிகும். ‘மாறா படி’ என்று எழுதுகிறவர்களை இழையிலிருந்து நீக்க வேண்டும்.

புறவழி:
பரவாயில்லை, பொதுவாக இருப்பதல்ல, மாற்றக் கூடாது என்பதுதான் இதன் உயிர். படி கையில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2022 மார்ச் 4 சான்று. பெய்ஜிங் பாராலிம்பிக் தொடக்கவிழா நேரலையில் சர்வதேசக் குழுத் தலைவர் ஆண்ட்ரூ பார்சன்ஸ் போருக்கு எதிராகப் பேசினார். அந்தப் பகுதிக்கு மொழிபெயர்ப்பு நின்றது, ஒலியும் தணிந்தது. சந்திப்புச் செய்தியில் இந்தச் சிக்கலே எழாது.

கல்வெட்டு:
அப்படியானால் 2019 மே 13 அன்று, அமெரிக்காவுடனான வரிப் போரின்போது, ‘பேச வந்தால் கதவு திறந்திருக்கிறது, மோத வந்தால் கடைசிவரை நிற்போம்’ என்று அதே செய்தியில் வாசித்தார்களே, அதுவும் மாறாப்படியா?

புறவழி:
இல்லை, அது கருத்துரை. சந்திப்பு வாசகத்தில் சூடு இருக்காது. சூட்டுக்கு இது தனி வாய்க்கால். முதல் 10 நிமிடம் தலைவர்களுக்கு ஓய்வில்லை, அடுத்த 10 மக்கள் மகிழ்ச்சி, கடைசி 10 அயல்நாடுகள் அல்லோலகல்லோலம் என்று சீனர்களே கிண்டலடிப்பார்கள். மாறாப்படிக்கு அந்த முதல் பகுதியில்தான் வேலை.

சுவடி:
நன்றி. ‘மாறாப்படி’ என்று போட்டு, முதல் இடத்தில் மட்டும் ‘தொங்காவ் எனப்படும்’ என்று சேர்க்கிறேன். மூவர் சம்மதம், மற்றவர்கள் மௌனம்.

கல்வெட்டு:
நான் மௌனமாக இல்லை. நாளைக்கே சின்ஹுவா தன் வாசகத்தைத் திருத்தி மறுபடி அனுப்பினால் என்ன எழுதுவீர்கள்? ‘மாறாப்படி மாற்றப்பட்டது’ என்றா? திருமுகமென்றால் புதுத் திருமுகம் வந்ததென்று முடித்துவிடலாம்.