ஆயில் பம்ப் மாற்றியும் பிரஷர் வரவில்லை, அவசர உதவி தேவை

சேலத்துக்காரன்: இஞ்சின் ஆயில் பம்பைப் பிரித்து, ஆயிலைத் தள்ளுகிற உள், வெளிச் சக்கரங்களை, அதாவது ரோட்டார் செட்டைப் புதிதாகப் போட்டு மாட்டியாச்சு. ஸ்டார்ட் செய்தால் பிரஷர் மீட்டர் முள் அசையவே மாட்டேன் என்கிறது. உடனே ஆஃப் பண்ணிவிட்டேன். ஞாயிறு கல்யாணத்துக்கு வண்டி போகணும்.

பழைய கிளச்: எந்த வண்டி? பிரிப்பதற்கு முன் பிரஷர் எவ்வளவு?

சேலத்துக்காரன்: அம்பாசிடர்தான் சார், மார்க் 2. சூடானால் 20 பிஎஸ்ஐக்குக் கீழே இறங்கும், அதனால்தான் பிரித்தேன்.

பழைய கிளச்: 1489 சிசி பெட்ரோலா, டீசலா? நடுவில் யாரும் இசுசு இஞ்சின் ஏற்றவில்லையே?

சேலத்துக்காரன்: பெட்ரோல். வண்டியோடு வந்த இஞ்சின்.

மதுரை டாக்சி: அதிக பிரஷரைத் திறந்துவிடுகிற ரிலீஃப் வால்வுதான், சந்தேகமே வேண்டாம். இஞ்சின் பிளாக்கின் இடப்பக்கம் பின்னால் இருக்கிற குமிழ் நட்டைக் கழற்றிப் பாருங்க. தூசு சிக்கி வால்வு திறந்தே நிற்கும்.

தவ் கணக்கு: தம்பி, ரோட்டார் புதுசு, சரி. பம்ப் பாடி பழசுதானே? ரோட்டாரை உள்ளே வைத்து, பாடி முகத்தின் குறுக்கே ஸ்டீல் ஸ்கேலை நிறுத்திப் பார்த்தீர்களா? இடைவெளி 5 தவ்வை (ஒரு தவ் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தாண்டக் கூடாது. பற்களுக்கு நடுவே 6, வெளி ரோட்டாருக்கும் பாடிக்கும் 10. முகத்தில்தான் கூடுதல் என்றால் பாடியில் இருக்கிற இரண்டு டவல் பின்னையும் எடுத்துவிட்டு, கண்ணாடித் தட்டில் கிரைண்டிங் பேஸ்ட் தடவி அந்த முகத்தைத் தேய்த்துக் குறைக்கலாம். வெளி ரோட்டாரின் சாய்த்து வெட்டிய விளிம்பு குழியின் அடிப்பக்கம் போக வேண்டும், அதாவது தெரியுமா? மேனுவலைத் திறக்காமல் ஸ்பேனரைத் தூக்குகிறவர்களுக்கு வேறென்ன சொல்ல.

குன்னூர் மெக்கானிக்: அளவெல்லாம் சரிங்க ஐயா. ஆனால் அவர் குறைவு என்று சொல்லவில்லை, அசையவே இல்லை என்கிறார். தேய்ந்த பம்ப்கூட ஆறின ஆயிலில் கொஞ்சமாவது முள்ளைத் தூக்கும். இது காய்ந்த பம்ப், காற்றைத்தான் இழுக்கிறது. நாலு பிளக்கையும் கழற்றிவிட்டு செல்ஃப் அடிங்க, விட்டு விட்டு. லோடு இருக்காது, பேரிங்குக்கு ஆபத்து குறைவு. அப்படியும் வராவிட்டால் இஞ்சின் அடியில் ஆயில் நிற்கிற சம்பை இறக்கி ரோட்டார் இடுக்கில் வாசலின் அடைத்து மாட்டுங்க. கிரீஸ் வேண்டாம், சீக்கிரம் கரையாது. அப்போதே ஆயில் வடிகட்டும் ஸ்ட்ரெய்னர் பம்போடு சேரும் இணைப்பையும், பம்ப் பிளாக்கில் உட்காரும் இடத்து கேஸ்கெட்டையும் பாருங்க. அங்கே காற்று புகுந்தால் எத்தனை ரோட்டார் மாற்றினாலும் வீண்.

மதுரை டாக்சி: முதலிலேயே கெட்டியான 20டபிள்யூ50 ஆயில் ஊற்றியிருந்தால் பம்பைத் தொட வேண்டியே வந்திருக்காது.

தவ் கணக்கு: தேய்ந்த பேரிங்கைக் கெட்டி ஆயிலில் மறைப்பது வைத்தியமா?

மதுரை டாக்சி: எங்க ஸ்டாண்டு வண்டியெல்லாம் மோனோகிரேடு 40 ஆயிலிலேயே ஓடியது. இடைவெளி அளக்கிற உங்க ஃபீலர் கேஜை யாரும் கேட்கவில்லை.

தவ் கணக்கு: ஓடியது என்பதும் நன்றாக ஓடியது என்பதும் ஒன்றல்ல. காலையில் ஆறின இஞ்சினில் அந்த ஆயில் மேலே வால்வுகளை இயக்குகிற ராக்கர் வரை ஏற எவ்வளவு நேரம் ஆகும் என்று காது வைத்துக் கேட்டதுண்டா?

பழைய கிளச்: ஆயில் சண்டைக்கு வேறு இழை தொடங்குங்கப்பா. சேலம், மீட்டருக்குப் போகிற மெல்லிய குழாய் அடைத்திருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்க. அந்தக் குழாயின் இணைப்பு நட்டைத் தளர்த்தி செல்ஃப் அடித்தால் ஆயில் கசிய வேண்டும்.

சேலத்துக்காரன்: வந்துடுச்சு. வாசலின் போட்டேன், கேஸ்கெட்டும் மாற்றினேன். ஸ்டார்ட் செய்ததும் 60. சூடானதும் 25. போதுமா?

குன்னூர் மெக்கானிக்: அந்த 25 ஐட்லிங்கிலா, ஓடும்போதா?