பவுலிசியர் படுகொலையும் அந்த ஒரு லட்சமும்

ஏட்டுச்சுவடி: ஆசியா மைனரின் கிழக்கே வாழ்ந்த, பேரரசின் திருச்சபை முரண்சமயத்தார் என்று ஒதுக்கிய கிறித்தவப் பிரிவினரான பவுலிசியர்கள் வெறும் கொள்ளைக் கூட்டம், பைசாந்தியப் பேரரசு தன் எல்லையைக் காத்துக்கொண்டது, அவ்வளவுதான் என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியதைப் படித்தபின் என்னால் வாளாவிருக்க முடியவில்லை. 843-க்குப் பின் பேரரசி தியோடோராவின் ஆட்கள் கிழக்கே சென்று ஒரு லட்சம் பேரைக் கழுவேற்றியும் வெட்டியும் நீரில் மூழ்கடித்தும் கொன்றார்கள். கழுவேற்றப்பட்டவர்களுள் ஒருவரின் மகன்தான் கர்பியாஸ். அதுவரை பேரரசுப் படையில் அதிகாரியாக இருந்த அவர், 5,000 பேருடன் எல்லைக்கு அப்பால் மெலிட்டீனை ஆண்ட அரபு அமீரிடம் அடைக்கலம் புகுந்து, பின்னர் தெஃப்ரிகேயை (இன்றைய துருக்கியின் திவ்ரிகி) கோட்டை நகராக்கினார். அவரை எதிரியாக்கியது யார்?

கீழைக்காற்று: எழுதியவன் நான்தான். ஒரு லட்சம் என்பது, நூறாண்டு கழித்து அரண்மனை ஆதரவில் எழுதப்பட்ட ஏட்டில் உள்ள எண். அந்த மலைநாட்டில் அத்தனை பேர் மாண்டிருந்தால், அடுத்த முப்பது ஆண்டுகள் பேரரசை எதிர்த்துப் போரிட ஆள் ஏது?

வழிப்போக்கன்: பவுலிசியர்கள் நன்மைக்கு ஒன்று, தீமைக்கு ஒன்று என்னும் இரு கடவுள் கொள்கையினரா, அல்லரா என்பதை முதலில் வரையறுத்துக்கொள்ளலாமே.

ஏட்டுச்சுவடி: அந்த ஏட்டை எழுதியவர்கள் பவுலிசியரை வெறுத்தவர்கள். கொன்றவர் தரப்பே ஒரு லட்சம் என்று எழுதியிருக்கும்போது, குறைத்துச் சொல்ல நீங்கள் யார்? சிலை உடைப்பு பற்றிய விவாதத்திலும் நீங்கள் இதையே செய்தீர்கள், நான் மறக்கவில்லை.

கீழைக்காற்று: பழங்கதை வேண்டாம். கர்பியாஸுக்குப் பின் தலைமையேற்ற கிறிசோகெய்ர் ஆசியா மைனரின் மேற்கிலுள்ள எபேசு வரை சூறையாடி, யோவான் ஆலயத்தைக் குதிரை லாயமாக்கினாரே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

ஏட்டுச்சுவடி: 872-இல் அவர் தலையை வெட்டிக் கொண்டுவந்தபோது, அந்தத் தலையின் மீது பேரரசர் முதலாம் பேசில் மூன்று அம்புகள் எய்தார். இறந்தவன் தலையில் அம்பெய்தவரையா எல்லைக் காவலர் என்கிறீர்கள்?

வழிப்போக்கன்: கிறிசோகெய்ர் கொல்லப்பட்ட போர் 878-இல் நடந்தது என்போரும் உண்டு.

ஏட்டுச்சுவடி: 878 தெஃப்ரிகே வீழ்ந்த ஆண்டு. இரண்டையும் குழப்பாதீர்கள்.

கீழைக்காற்று: அந்த வீழ்ச்சிக்குப் பின், தென் இத்தாலியில் பவுலிசியர்கள் பேரரசுக்காகவே போரிட்டார்கள். பேரரசு அவர்களை அடியோடு அழிக்க நினைத்திருந்தால் தன் படையில் சேர்த்திருக்குமா?

ஏட்டுச்சுவடி: ஊரையும் கோட்டையையும் இழந்தவர்களுக்கு வேறு போக்கிடம் எது? ஒரு லட்சம் என்றேன், இப்போதும் ஒரு லட்சம் என்றே சொல்கிறேன்.

கீழைக்காற்று: நூறு முறை சொன்னாலும் அது ஏட்டில் உள்ள எண்தான்.