பில்டர் போன் சாருக்கு, விழிப்புணர்வு முகாம் மேடத்துக்கா?

சிவில்மேடம்: சென்னையில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் சிவில் துறை உதவிப் பேராசிரியை நான். மண் பரிசோதனை, பழைய கட்டடத்தின் உறுதிச் சோதனை என்று பில்டர்களிடமிருந்து வரும் கன்சல்டன்சி (கட்டணத்துக்குச் செய்து தரும் ஆலோசனை வேலை) எல்லாம் ஆண் பேராசிரியர்களுக்கே போகிறது. மாநகராட்சிப் பள்ளியில் குடிநீர் பரிசோதனை, சுயஉதவிக் குழுவுக்குப் பயிற்சி, என்எஸ்எஸ் முகாம் என்றால் மட்டும் எங்களைத் தேடுவார்கள். இரண்டும் வெளி வேலைதான், ஆனால் அப்ரைசலில் (பணி மதிப்பீட்டில்) மார்க் முதல் வகைக்கு மட்டும். எல்லா இடத்திலும் இப்படித்தானா?

தரமணிவாசி: வெளிநாட்டிலும் இதே கதைதான் மேடம். 2006-இல் 'சயன்ஸ்' இதழில் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்று, உயிர் அறிவியல் துறையினர் 4,000-க்கும் மேற்பட்டோரைப் பார்த்தது. பெண்கள் காப்புரிமை எடுத்த விகிதம் ஆண்களுடையதில் சுமார் 40 சதவீதம்தான். கம்பெனிகளோடு பழக்கம் குறைவு என்பதை முக்கியக் காரணமாகச் சொன்னார்கள்.

கிண்டிக்காரன்: இதில் ஆண் பெண் எங்கே வந்தது? ராத்திரி எட்டு மணிக்குக் கான்கிரீட் போடும்போது சைட்டுக்கு யார் வருவார்களோ அவரைத்தான் பில்டர் கூப்பிடுவார்.

லேப்ராணி: சார், வரமாட்டார்கள் என்று கேட்காமலே முடிவு செய்வதுதான் பிரச்சினையே. பாதி வேலை லேபில் கான்கிரீட் கியூபை உடைத்து உறுதி பார்ப்பது, அதற்கு ராத்திரி சைட் எதற்கு? 2015-இல் பிரிட்டன் விஞ்ஞானிகள், பொறியாளர்களை வைத்து வந்த ஆய்வு, கூட வேலை செய்யும் பெண்கள் அதிகமாக இருந்தாலும், நிறுவனம் பெண்களின் பணிவாழ்வுக்குக் கைகொடுத்தாலும், கம்பெனிகளோடு சேர்ந்து வேலை செய்வதில் உள்ள ஆண் பெண் இடைவெளி குறைகிறது என்கிறது. ஆக, இது தனி மனுஷியின் ஆர்வக் குறைவு இல்லை.

அப்புறம் அந்த மார்க் விஷயம். மத்திய அரசு கல்லூரிகளுக்குப் போடும் என்ஐஆர்எஃப் தரவரிசையில் கன்சல்டன்சி வருமானத்துக்குத் தனி இடம் உண்டு. 'அவுட்ரீச்' என்றும் ஒரு தலைப்பு இருக்கிறது, ஆனால் அதில் எண்ணுவது வெளிமாநில மாணவர்கள், பெண்களின் பங்கு, வசதி குறைந்த மாணவர்கள் மாதிரியான கணக்கு. நீங்கள் பள்ளியில் தண்ணீர் பரிசோதித்தது அதில் எங்கேயும் வராது. நிர்வாகம் எதைக் கேட்கிறதோ அதற்குத்தானே எச்ஓடி (துறைத் தலைவர்) மார்க் போடுவார்!

தரமணிவாசி: கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் 'நாக்' (NAAC) அங்கீகாரத்தில், முகாம் மாதிரி ஊருக்குச் செய்யும் விரிவாக்கப் பணிக்கும் இடம் உண்டு, ஐக்யூஏசி (கல்லூரியின் உள் தரக் குழு) கூட்டத்தில் அதைக் காட்டிக் கேளுங்கள். கன்சல்டன்சி விசாரணை எதுவும் தனி நபர் செல்போனுக்குப் போகாமல், துறையின் பொது மெயிலுக்கு வந்து சுழற்சி முறையில் எல்லோருக்கும் பிரித்துத் தரப்படட்டும்.

சிவில்மேடம்: பொது மெயில் நல்ல யோசனை. ஆனால் பில்டர் சாருடைய நம்பருக்கே நேராக அடித்தால் என்ன செய்வது?

லேப்ராணி: ரிப்போர்ட்டில் கல்லூரி முத்திரை வேண்டுமே. மெயிலில் பதிவாகாத வேலைக்கு முத்திரை இல்லை என்று விதி போடச் சொல்லுங்கள்.