புதுப் பிஸ்டன் தலையில அரம் வைச்ச லேத்காரர்: உங்களுக்கும் இப்பிடி நடந்ததோ?

உவர்மலை125:
தியத்தலாவை ஃபொக்ஸ்ஹில் ரேஸுக்கெண்டு தம்பியின்ர 125 சீசீ மோட்டார் சைக்கிளுக்கு ஹை கொம்ப்ரெஷன் பிஸ்டன் எடுத்தனாங்கள். தலை நல்லாக் குவிஞ்சது, பெட்டியில கொம்ப்ரெஷன், கலவையை எத்தினை மடங்கு அமத்துதெண்ட கணக்கு, 12.5:1 எண்டு போட்டிருந்தது. ஏகாம்பரம் வீதிப் பக்கம் இருக்கிற வயசான லேத்காரரிட்டக் குடுத்தம். ஒண்டும் கதைக்கேல்லை. குவிஞ்ச இடத்தின்ர விளிம்பில பெருவிரல் நகத்தை ஓட்டினார், அரத்தை எடுத்து உரசத் தொடங்கீட்டார். புதுச் சாமான்! தம்பி "ஐயோ ஐயா" எண்டு கையைப் பிடிக்கப் போனவன். அலுமினியத் தூள் அவற்ற சாரத்தில மினுங்குது. "இந்தக் கூர்தான் முதல்ல சிவக்கும். பிளக் அடிக்க முதலே இது பத்தவைக்கும்" எண்டார். பிறகு பிளக்குக்கு நேரான பக்கத்தையும் இறக்கினார். கொம்ப்ரெஷன் குறைஞ்சிருக்கும். ஆனா அதே பிஸ்டனை அப்பிடியே பூட்டின கூட்டாளியின்ர வண்டியைவிட எங்கட இழுவை கூட. அதெப்பிடி?

கிண்ணியா நானா:
இதில விளங்காம என்ன இருக்கு? தலை உயர்ந்தா நெருப்பு அதைச் சுத்திப் போகணும், நேரம் எடுக்கும். அதுக்கு டைமிங்கை, பிளக் அடிக்கிற நேரத்தை, முன்னுக்குத் தள்ளுவீங்க. அப்ப மேல வார பிஸ்டனை அந்த நெருப்பே கீழ அமத்தும். 1967-ல கீத் டக்வர்த் கோஸ்வர்த் டிஎஃப்வி எண்ட ஃபோர்மியூலா 1 ரேஸ் எஞ்சினைச் செஞ்சப்போ வால்வுக் கோணத்தை 32 பாகைக்கு ஒடுக்கி, எரியறையைச் சின்னதாக்கி, தட்டைப் பிஸ்டனாலயே 11:1 எடுத்தார். முதல் ஓட்டத்திலயே ஜிம் கிளார்க் வெண்டார். மூதூர்ல ஒரு ஹெட்டைக் கழட்டினன், குவிஞ்ச பிஸ்டன், ஓரமெல்லாம் ஊசி குத்தின மாதிரி. நொக் அடிச்சே, கலவை தன்பாட்டில வெடிச்சே, திண்டிருக்கு.

சாம்பல்தீவுப் பெடியன்:
நானா, ஃபோர்மியூலா 1 ஹெட்டையும் ரெண்டு வால்வ் 125-ஐயும் ஒண்டாக் கட்டாதையுங்கோ. 9-ல இருந்து 12-க்குப் போக, 15.6 சீசீ இடம் 11.4-க்கு இறங்கவேணும். ஆழமான எரியறையில ஹெட்டைச் சீவி மட்டும் அது வராது, குவிவு வேணும். அதோட, திருகோணமலைக் கடல்மட்டத்தில நொக் அடிக்குது எண்டு தேய்ச்சா தியத்தலாவையில நட்டம். அங்க 1,200 மீற்றருக்கு மேல, காத்து மெல்லிசு, நொக் தன்பாட்டில குறையும்.

லேத்_நிலாவெளி:
என்ர கதை சின்னன்: வால்வ் பிஸ்டனில முட்டி வளைஞ்சது, நிலாவெளி ரோட்டில, மத்தியான வெயில், தள்ளிக்கொண்டு வந்தன். அதால சொல்லுறன், கேளுங்கோ. வால்வ் பள்ளத்தில பிளாஸ்டிசீன் வைச்சு, எண்ணெய் தடவி, ஹெட்டைப் பூட்டி, டைமிங் செயினும் போட்டு, கிராங்கைக் கையால ரெண்டு சுத்துச் சுத்துங்கோ. இறுகினா நிப்பாட்டுங்கோ. பிறகு கழட்டி, பிளேட்டால வெட்டி, வால்வ் அமத்தின இடத்தில மிஞ்சின தடிப்பை அளவுங்கோ. இன்லெட் பக்கம் 1.5 மில்லி, எக்ஸோஸ்ட் பக்கம் 2 மில்லியாவது வேணும். எக்ஸோஸ்ட் வால்வ் சூட்டில கூட நீளும். பிஸ்டன் ஓரத்துக்கும் ஹெட்டுக்கும் நடுவில உள்ள ஸ்குவிஷ் இடைவெளி 1 மில்லிக்குக் கிட்ட. அகலமா விட்டா அங்க தேங்கிற கலவைதான் கடைசியில நொக் அடிக்கும். பெட்டியில போட்ட கணக்கை நம்பாதையுங்கோ, பார்மசியில சிரிஞ்ச் வாங்கி எரியறையை எண்ணெய் விட்டு அளவுங்கோ. 2618 எண்ட அலுமினியக் கலவையில செய்த ஃபோர்ஜ் பிஸ்டன் எண்டா சுவரோட இடைவெளி கூட விடவேணும், குளிரில கடகடக்கும். அதுக்குப் பயந்து சிலிண்டரை இறுக்கமா போர் அடிக்காதையுங்கோ. பெற்றோல் 95 அடியுங்கோ, சீனன்குடா எண்ணெய்த் தாங்கி பக்கத்தில இருக்குதெண்டு எஞ்சினுக்குத் தெரியாது.

உவர்மலை125:
அண்ணை, எஞ்சின் பூட்டி முடிஞ்சுது, நான் ஆலோசனை கேக்கேல்லை 😀 சாம்பல்தீவு, காத்து மெல்லிசெண்டாலும் கூர் விளிம்பு அங்கயும் சிவக்கும்தானே? கூட்டாளியின்ர ஹெட்டை ஞாயிறு கழட்டுறம். அரம் படாத பிஸ்டன் என்ன கோலத்தில இருக்கெண்டு படம் போடுறன்.