புதுப்பிப்பு: பல்கலைக்கழக மருத்துவ ஆய்வு வேலைக்கு விண்ணப்பிக்கிறவர்களுக்கு

ஆய்வு ஒருங்கிணைப்பாளர் வேலைக்கு ஜிசிபி (மருத்துவ ஆய்வுகளை முறையாக நடத்துவதற்கான நன்னடைமுறை) பயிற்சிச் சான்றிதழ் கையில் இருக்கட்டும் என்று முந்தைய இழையில் எழுதியிருந்தேன். ஒரு திருத்தம்: பழைய சான்றிதழ் மட்டும் போதாமல் போகலாம். ஜிசிபிக்கான சர்வதேச வழிகாட்டியான ஐசிஎச் இ6-இன் மூன்றாம் திருத்தம் 2025 ஜனவரியில் இறுதியானது. அதை உள்ளடக்கிய பயிற்சிதானா என்று பார்த்துச் சேருங்கள்.

பலரும் கோட்டைவிடுவது விண்ணப்பத்தில் கேட்கும் தகுதி வரையறைகளுக்கான பதிலில்தான். 'தரவு மேலாண்மை தெரியும்' என்று எழுதினால் தேர்வுக்குழுவுக்கு மதிப்பிட ஒன்றுமில்லை. 'ரெட்கேப் என்ற ஆய்வுத் தரவு சேகரிப்பு மென்பொருளில் படிவம் வடிவமைத்தேன். விடுபட்ட பதிவுகளை வாரந்தோறும் மூல ஆவணத்தோடு ஒப்பிட்டேன்' என்று செய்ததைச் சொல்லுங்கள்.

பெரும்பாலும் சம்பளம் ஆய்வு நிதியிலிருந்து வருகிறது. நிதி தீர்ந்தால் வேலையும் முடியும். எந்த மாதம்வரை நிதி இருக்கிறது என்று நேர்காணலிலேயே கேளுங்கள், தயங்கவே வேண்டாம்.