ஆந்த்ரப்போவுக்குத் தமிழில் என்ன சொல்வது?

அன்புள்ள குழுவினருக்கு,

எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் சிங்கப்பூரின் தொடக்ககால வணிகம் பற்றிச் சிறு கண்காட்சி வைக்கிறார்கள். தமிழ்ப் பலகைகள் என் பொறுப்பு. ‘ஆந்த்ரப்போ’ (entrepôt) என்ற சொல்லில் மாட்டிக்கொண்டேன்; ஓர் ஊர்ச் சரக்கு வந்து இருந்து, வேறோர் ஊருக்குப் போகும் துறைமுகம் என்று பொருள். ‘மறுஏற்றுமதித் துறைமுகம்’ என்று போட்டுவிடச் சொல்கிறார் நண்பர் ஒருவர். எனக்கு ஒப்பவில்லை. இறக்கினோம், ஏற்றினோம், அனுப்பினோம் என்ற ஓட்டம்தான் அதில் கேட்கிறது. 1820களின் சிங்கப்பூருக்கோ பிழைப்பே சரக்கு நின்றதில்தான் இருந்தது.

இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவிலிருந்து, அங்குள்ள பூகிஸ் இன வணிகர்களின் பாய்மரப் படகுகள் ஏறக்குறைய செப்டம்பர், அக்டோபரில் வந்து சேரும். கடலட்டை, ஆமை ஓடு, பறவைக்கூடு எல்லாம் வரும். அவற்றுக்கு ஆசைப்படும் சீனத்து ஜங்க் கப்பல்களோ வடகிழக்குப் பருவக்காற்று பிடித்த பிறகே தென்சீனக் கரையை விட்டுக் கிளம்பும். இங்கே எட்டத் தை, மாசி ஆகிவிடும். பூகிஸ்காரர் அதுவரை இருக்கமாட்டார். நவம்பரில் காற்றுத் திரும்பியதும் துணியும் மற்றதும் ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போய்விடுவார். விற்பவரும் வாங்குபவரும் முகம் பார்ப்பதே அரிது. நடுவில் அந்தக் கடலட்டை மூட்டையை ஈரம் ஏறாமல் காக்க ஓர் இடம் வேண்டும். விலை போகாத சரக்கை நம்பிக் கடன் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். ஆற்றங்கரைக் கிடங்குகளுக்கு வேலை கொடுத்தது இந்த இடைவெளிதான். சுங்கவரி இல்லாத துறைமுகம் என்ற, இங்கே ஆங்கிலேயர் குடியிருப்பைத் தொடங்கிய ராஃபிள்சின் கொள்கை பெரிய காரணம், மறுக்கவில்லை. ஆனால் பலகையில் அவர் பெயர் ஏற்கெனவே மூன்று இடத்தில் இருக்கிறது, காற்றின் பெயர் ஓரிடத்திலும் இல்லை.

கிட்டங்கி என்றால் கிடங்குதானே? ‘கிட்டங்கித் துறைமுகம்’ என்று முன்மொழிகிறேன்.

* * *

தம்பி,

கிட்டங்கி என்றதும் இந்த ஊரில் பலருக்கு மார்க்கெட் ஸ்திரீட்தான் நினைவுக்கு வரும். ஒரே கூடத்தில் ஆளுக்கொரு மரப்பெட்டியை வைத்துக்கொண்டு செட்டியார்கள் வட்டித்தொழில் நடத்திய இடம். அங்கே பேரேடு இருந்தது, கடலட்டை இருந்ததில்லை. படிப்பவர் தடம் மாறிவிடுவார். ‘இடைத்தங்கல் துறைமுகம்’ எப்படி?

* * *

ஐயா,

ஒப்புக்கொள்கிறேன், மனமில்லாமல்தான். ஆனால் ‘தங்கல்’ என்றால் ஆள் படுத்து எழும் விடுதி நினைவுக்கு வருகிறது. சரக்குக்குக் கடைக்காரர்களிடமே ஒரு சொல் இருக்கிறது: இருப்பு. ‘அரிசி இருப்பு எவ்வளவு?’ என்றுதானே கேட்கிறோம்? ஆகவே ‘இடையிருப்புத் துறைமுகம்’. இரண்டு கடலுக்கு இடையில், இரண்டு காற்றுக்கும் இடையில். ‘இடையிருப்பு வணிகம்’, ‘இடையிருப்புச் சரக்கு’ என்று நீட்டினாலும் நாக்கு இடறவில்லை. நீராவிக் கப்பல் வந்து, 1869இல் சூயஸ் கால்வாயும் திறந்தபின் காற்றுக்குக் காத்திருப்பது குறைந்ததே என்று யாராவது கேட்பீர்கள். தகரமும் ரப்பரும் அதற்குப் பிறகும் இங்கே கிடங்கேறித்தான் போயின, சொல் தாங்கும்.

வேறு தடை வராவிட்டால் வெள்ளிக்கிழமை இதையே அச்சுக்குக் கொடுத்துவிடுவேன். அடுத்த பலகை காம்பியர் தோட்டம்; தோல் பதனிடவும் சாயத்துக்கும் சாறு தரும் செடி அது. இலையைக் காய்ச்ச விறகு, விறகுக்குக் காடு. காடும் மண்ணும் ஓய்ந்ததும் தோட்டக்காரர் எதிர்க்கரையில் இருக்கும் ஜொகூர்ப் பக்கம் நகர்ந்துவிடுவார். அந்த நகர்தலுக்கு ‘பெயர்தோட்டம்’ என்று எழுதி அடித்து வைத்திருக்கிறேன். அதை நாளை தனி மடலில் கேட்கிறேன்.